படிமங்களுக்குள் கிடந்த பத்திரிகை

பழைய பத்திரிகை என்றதும் மஞ்சளேறிய கடதாசிக் கட்டும், அதிலிருந்து எழும் தூசும், ஓரத்தில் பூச்சி அரித்த துளைகளும் நினைவுக்கு வரும். என்னிடம் உள்ள பழைய பத்திரிகைக்கு இவை ஒன்றும் இல்லை. அது 41 கோப்புகளாக ஒரு சிறிய வன்தட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பும் ஓர் இறுவட்டின் முழுப் படிமம். 41 வட்டுகளும் விளிம்புவரை நிரம்பியிருந்தாலும் மொத்தம் 30 கிகாபைட்டைத் தாண்டாது. இன்று சட்டைப் பையில் போடும் ஒரு நினைவகக் குச்சிக்குள் அடங்கிவிடும் அளவுதான். ஆனால் அதற்குள்ளே 1999 தொடக்கம் நான் பணியாற்றிய நாளிதழ் ஒன்றின் பக்கங்களும் விளம்பரங்களும் இருக்கின்றன.

பத்திரிகையின் பெயரை இங்கே தவிர்த்துக்கொள்கிறேன். அந்த வட்டுகளை 2010ஆம் ஆண்டில் குப்பையில் போடுவதற்கு நிருவாகம் எடுத்த முடிவு அக்காலத்தில் பல இடங்களிலும் எடுக்கப்பட்ட முடிவுதான். அலுமாரி தேவைப்பட்டது, வட்டுகள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன, அவ்வளவே. நூல்களின் அழிவு என்றால் எங்களுக்கு 1981 நினைவுக்கு வரும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 வரையிலான நூல்களும், அதே நாள்களில் ஈழநாடு காரியாலயமும் எரிந்தன. அந்த அழிவைச் செய்தவர்கள் உண்டு; அதைப்பற்றி எழுதியவர்கள் உண்டு. அலுமாரியைக் காலிசெய்வதால் வரும் அழிவைப்பற்றி யாரும் ஒரு பெட்டிச் செய்திகூட எழுதுவதில்லை.

நல்லவேளையாக அப்போது எங்கள் கணினிப் பிரிவில் ஓர் இளைஞர் இருந்தார். அவரிடம் சொன்னபோது மறுபேச்சின்றி ஒரு கிழமைக்குள் எல்லா வட்டுகளையும் படிமங்களாக மாற்றித் தந்தார். அவர் கோப்புகளைச் சாதாரணமாகப் பிரதி எடுத்துத் தரவில்லை. வட்டின் முதல் பிரிவிலிருந்து கடைசிப் பிரிவுவரை உள்ள அத்தனை பைட்டுகளையும் இருந்த வரிசையிலேயே ஒரே கோப்பாக எழுதினார். எழுதக்கூடிய இறுவட்டில் சாயப் படலம் ஒன்று உண்டு. அது வெயிலுக்கும் காலத்துக்கும் மங்கும். மங்கிய வட்டுகளுக்கு அவர் டிடிரெஸ்கியூ என்ற கருவியைப் பாவித்தார். அக்கருவி முதலில் சிக்கலின்றி வாசிக்கக்கூடிய பகுதிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, பின்னர் பழுதான இடங்களுக்குத் திரும்பிவந்து மீண்டும் மீண்டும் முயலும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்தும் வைக்கும். அந்த வேலையின் பெறுமதி எனக்கு விளங்குவதற்குப் பல வருடங்கள் சென்றன.

விளங்கவைத்தது ஒரு கோரிக்கை. ரொறன்ரோவில் வாழும் ஒரு பெண்மணி எனக்கு எழுதியிருந்தார். அவருடைய தகப்பனார் 1999இல் வெள்ளவத்தையில் காலமானவர். மரண அறிவித்தலைக் கொடுத்தவர் மூத்த சகோதரர். அவரும் இப்போது இல்லை. இடப்பெயர்வுகளிலும் நாடு மாறியதிலும் பத்திரங்கள் எல்லாம் தவறிப்போயின. தகப்பன் இறந்த வருடம் தெரியும், ஆனியா, ஆடியா என்ற ஐயத்தோடு மாதமும் ஏறத்தாழத் தெரியும், நாள் தெரியாது. நாள் தெரியாவிட்டால் திதி தெரியாது. திதி தெரியாதவர்கள் செய்வதுபோல இத்தனை வருடங்களாக ஆடி அமாவாசையில்தான் விரதம் இருந்து வந்திருக்கிறார்கள். ஊரில் இருந்தவரைக்கும் கீரிமலைக்குப் போகலாம். அங்கே அதுவும் இல்லை. ‘உங்கள் பத்திரிகையில் வந்தது மட்டும் எனக்குத் தெரியும், ஐயா’ என்று எழுதியிருந்தார்.

கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்வையிடலாம். ஆனால் நாள் தெரியாமல் இரண்டு மூன்று மாதக் கட்டுகளில் மரண அறிவித்தல்களைத் தேடுவதற்கு முன் என் மேசையிலேயே கிடக்கும் வன்தட்டைத் திறந்து பார்ப்பது முறை அல்லவா?

என் தங்கையின் மகன் கணினித்துறையில் படித்துக்கொண்டிருப்பவன். அவன் உதவிக்கு வந்தான். படிமக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்க இன்றைய கணினிகளுக்குத் தெரியும். ஒரு வட்டு என்றால் அது போதும். 41 என்னும்போது சுட்டியைப் பிடித்து ஒவ்வொன்றாகத் திறப்பது, அடுத்து எதைத் திறந்தோம் எதைத் திறக்கவில்லை என்று தடுமாறுவது, எல்லாம் வேண்டாத வேலை. அதற்குத்தான் கட்டளை வரி. கலைப்பீடத்தில் படித்த எனக்குக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மின்னும் அந்த இடம் நீண்டகாலமாகப் பிறருடைய வீடாகவே தோன்றியது. பழகியபின்னர் தெரிகிறது, அது ஒப்புநோக்குநர் மேசையைப் போன்ற இடம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும், கேட்காததைச் செய்யாது.

நாங்கள் பாவித்தது 7-சிப் என்ற கருவி. இகோர் பாவ்லோவ் என்பவர் 1999இல் வெளியிட்டது, இலவசமானது. சுருக்கிய கோப்புகளைப் பிரிப்பதற்கென்றே பலர் இதனை அறிந்திருப்பார்கள். வட்டுப் படிமங்களையும் அது ஒரு பொதிபோலவே நடத்தும். கருவியின் பெயரை எழுதி, இடைவெளி விட்டு, ஓர் ஆங்கில எழுத்தைக் கட்டளையாகக் கொடுத்து, பின்னர் படிமத்தின் பெயரைக் கொடுக்கவேண்டும். எல் என்று கொடுத்தால் உள்ளே இருப்பவற்றின் பட்டியலை மட்டும் காட்டும். டீ என்று கொடுத்தால் எல்லாவற்றையும் வாசிக்க முடிகிறதா என்று சோதிக்கும். எக்ஸ் என்று கொடுத்தால் வெளியே எடுக்கும். எடுத்தவை போய்ச்சேர வேண்டிய இடத்தைச் சிறுகோடு, ஓ என்று எழுதி, இடைவெளி விடாமல் அதனோடு ஒட்டி எழுதவேண்டும். அந்த இடைவெளியின்மை எனக்குப் பழகுவதற்கு நாள் பிடித்தது. புணர்ச்சி விதி படித்தவனுக்கே இந்தக் கதி!

இதே கருவியில் ஈ என்று இன்னொரு கட்டளையும் இருக்கிறது. அதுவும் வெளியே எடுக்கும். எக்ஸ் கட்டளைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு கையேட்டில் ஒரே வரியில் அடங்கிவிடும்: எக்ஸ் கோப்புகளை அவை இருந்த கோப்புறைகளோடு எடுக்கும், ஈ கோப்புறைகளை விட்டுவிட்டுக் கோப்புகளை மாத்திரம் ஒரே இடத்தில் கொட்டும். இந்த ஒரு வரியைத்தான் பத்திரிகைக்காரன் நின்று நிதானித்து வாசிக்கவேண்டும்.

ஏனென்றால் எங்கள் பக்கங்களின் பெயர்கள் அப்படி. நாளிதழ் ஒன்றில் ஒவ்வொரு நாளும் முதற்பக்கம் உண்டு. ஒவ்வொரு நாளும் அதைச் செய்பவர் அதனைப் பக்கம் ஒன்று என்றே சேமிப்பார். அதில் நாளை எழுதுவதற்கு இரவு பதினொரு மணிக்கு யாருக்கும் பொறுமை கிடையாது. நாள் இருப்பது கோப்புறையின் பெயரில். ஒரு மாத வட்டில் முப்பது கோப்புறைகள். அவற்றுள் முப்பது ‘பக்கம் ஒன்று’. ஈ கட்டளை கொடுத்தால் முதல் நாளின் முதற்பக்கம் வெளியே வரும். இரண்டாம் நாளினது வரும்போது, அதே பெயரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, மேலே எழுதிவிடவா என்று கருவி கேட்கும். ஆம் என்றால் முதல் நாள் போயிற்று. தானாகவே பெயர் மாற்றிக்கொள் என்று சொன்னால் அடிக்கோடு போட்டு ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டுக்கொண்டே போகும். முப்பது முதற்பக்கங்களும் பத்திரமாக இருக்கும். ஆனால் எது எந்த நாள் என்று கோப்பின் பெயரைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

கோப்போடு சேர்ந்து அதன் நேர முத்திரை வருகிறதே என்று கேட்பீர்கள். வருகிறது. அது கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரம். பத்திரிகையின் நாள் அல்ல. புதன்கிழமைப் பத்திரிகையின் பக்கம் செவ்வாய் இரவு முடிகிறது. ஞாயிறு வெளியீட்டின் உட்பக்கங்கள் வியாழனிலும் வெள்ளியிலும் முடிந்துவிடும். அச்சிட்ட நாளை அறியவேண்டியவனுக்குக் கோப்புறைதான் சாட்சி.

கோப்பின் பெயர்களில் இன்னொரு சிறு தொல்லையும் இருந்தது. 1988இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 9660 என்ற வட்டு நியமத்தின் அடிப்படை நிலையில் பெயருக்கு எட்டு எழுத்து, வகைக்கு மூன்று எழுத்துத்தான். 1995இல் மைக்ரோசொஃப்ட் கொண்டுவந்த ஜொலியட் இணைப்பு இதனை 64 எழுத்துவரை நீட்டியது. வட்டில் இரண்டு பட்டியல்களும் இருந்தால் நீண்ட பெயர்கள் கிடைக்கும். எங்களுடைய சில வட்டுகளில் குட்டைப் பெயர்கள் மட்டுமே. அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

பக்க வட்டுகள் 33ஐயும் ஒரு மாலைக்குள் எடுத்து முடித்தோம். மீதி எட்டும் விளம்பரப் பிரிவினுடையவை, மூன்று மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் எழுதப்பட்டவை. மரண அறிவித்தல்கள் அவற்றில்தான் இருக்கவேண்டும். அவற்றில் ஒன்றைக்கூட எங்கள் கருவி திறக்கவில்லை. ‘எல்லாம் பழுதாப் போச்சுது மாமா’ என்றான் மருமகன்.

எட்டும் ஒரே மாதிரிப் பழுதாகுமா? எனக்கு அது நம்பும்படியாக இல்லை. விளம்பரப் பிரிவினர் மாக்கின்டொஷ் கணினிகளில் வேலை செய்தவர்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாதாரண ஐ.எஸ்.ஓ. வட்டில் முதல் 16 பிரிவுகள் வெறுமையாக விடப்பட்டிருக்கும். பதினாறாம் பிரிவில் சி.டி.001 என்ற அடையாளச் சொல் இருக்கும். பிரிவுகளைப் பூச்சியத்திலிருந்து எண்ணவேண்டும். எங்கள் படிமங்களில் அந்தச் சொல் இல்லை. பதிலாக 1024ஆம் பைட்டில் பீ, டீ என்ற இரண்டு எழுத்துகள் இருந்தன. பழைய எச்.எப்.எஸ். கோப்பு முறைமையின் முத்திரை அது. அப்பிள் நிறுவனத்தின் சொந்தக் கணினிகளே 2019இல் வந்த கற்றலீனா பதிப்போடு இந்த முறைமையை வாசிப்பதை நிறுத்திவிட்டன. லினக்ஸில் எச்.எப்.எஸ். யூட்டில்ஸ் என்ற பழைய கருவித் தொகுதி இன்னும் அதனை வாசிக்கிறது.

அதிலும் ஒரு சூட்சுமம். பழைய மாக் கோப்புக்கு இரண்டு கிளைகள் உண்டு: ஒன்று தரவுக் கிளை, மற்றது வளக் கிளை. மற்றக் கணினிகளின் கோப்பு முறைமைகளுக்கு இந்த இரண்டாவது கிளை விளங்காது. கவனமின்றிப் பிரதி எடுத்தால் தரவுக் கிளை மட்டும் வரும். அக்கால மாக் எழுத்துருக்கள் முழுவதுமாக வளக் கிளையிலேயே வைக்கப்பட்டவை. ஆகவே எங்கள் தமிழ் எழுத்துரு பூச்சியம் பைட் கோப்பாக வந்து விழுந்தது. பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. மாக்பைனரி என்ற வடிவில் எடுத்தால் இரண்டு கிளைகளையும், கோப்பின் நாள் விபரங்களைத் தாங்கிய ஒரு தலைப்பையும் சேர்த்து ஒரே கோப்பாகத் தரும். அப்படி எடுத்தபோது எழுத்துருவும் உயிரோடு வந்தது.

எழுத்துருவைப் பற்றி இளைய வாசகர்களுக்கு ஒரு விளக்கம். யுனிகோட்டில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. எங்கள் பத்திரிகைக் காரியாலயத்துக்கு அது வந்துசேரப் பல காலம் சென்றது. அதுவரை பாமினி போன்ற எழுத்துருக்களே. கணினியைப் பொறுத்தவரை அவை ஆங்கில எழுத்துகள். பார்ப்பதற்கு மட்டும் தமிழ். ‘அம்மா’ என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். விளம்பரப் பிரிவின் எழுத்துருவின் பெயர் வேறாயினும் விசை அமைப்பு இதுவே. இது ஒரு சங்கடம்தான். ஆனால் தேடுபவனுக்கு வசதியும்கூட. வடிவமைப்பு மென்பொருள் இல்லாவிட்டாலும், கோப்புக்குள் வாசிக்கக்கூடிய எழுத்துகளை மட்டும் பொறுக்கித் தரும் சிறிய கட்டளை ஒன்று எல்லா லினக்ஸ் கணினியிலும் கிடைக்கும். ‘மரண’ என்பதற்குக் கே, யூ, இசட் என்று தேடவேண்டும். பெரியவரின் பெயரை நான் அதேபோல விசைவிசையாக ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். பழைய அச்சுக்கோப்பாளர் ஈய எழுத்தைத் தலைகீழாக வாசிப்பதுபோல எனக்கு இன்னமும் பாமினியைக் கண்ணால் வாசிக்க வரும். எதற்கும் பயன்படாது என்று நினைத்திருந்த வித்தை.

அன்றிரவு மருமகன் தொலைபேசியில் அழைத்தான்.

‘மாமா, ஆளைக் கண்டுபிடிச்சிட்டன். ஜூலை பன்ரண்டு.’

‘அதெப்படித் தெரியும்?’

‘கோப்பின்ரை தலைப்பிலை கடைசியாத் திருத்தின நாள் இருக்கு.’

‘எந்தக் கோப்புறைக்குள்ளை கிடந்தது?’

‘அதைப் பாக்கேல்லை. தேட வசதியா இருக்கட்டும் எண்டு எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டிட்டன்.’

அறிவித்தலின் வாசகத்தை வாசிக்கச் சொன்னேன். ‘கடந்த திங்கட்கிழமை’ காலமானார்; இறுதிக் கிரியைகள் ‘நாளை வியாழக்கிழமை’ நடைபெற்று, தகனத்துக்காகப் பூதவுடல் பொரளை கனத்தை மயானத்துக்கு எடுத்துச்செல்லப்படும். திகதி எங்கும் இல்லை. அக்காலத்தில் பல அறிவித்தல்கள் அப்படித்தான் வரும். பத்திரிகையின் நெற்றியில் திகதி இருக்கிறது. வாசிப்பவர் கணக்கிட்டுக்கொள்வார் என்பது எங்கள் நம்பிக்கை. ‘நாளை’ என்ற சொல் பத்திரிகையின் நாளிலிருந்து எண்ணப்படுவது. அதாவது அது புதன்கிழமைப் பத்திரிகை. எந்தப் புதன்?

1999 ஜூலை 12 ஒரு திங்கட்கிழமை. புதன்கிழமைக்கான விளம்பரம் செவ்வாயன்று முடிவதுதான் வழக்கம். திங்கட்கிழமை காலமானவருக்குத் திங்கட்கிழமையே அறிவித்தலை முடித்து, அதில் ‘கடந்த திங்கட்கிழமை’ என்று எழுதுவார்களா? பொருந்தவில்லை.

படிமம் அப்படியே இருந்தபடியால் மறுநாள் மீண்டும் எடுக்க முடிந்தது. வட்டை மட்டும் வைத்திருந்து, அது இதற்கிடையில் கெட்டுப்போயிருந்தால்? இம்முறை ஒவ்வொரு கோப்புறையாக நுழைந்து, அதே பெயரில் இங்கேயும் கோப்புறை அமைத்து எடுக்கும்படி அவன் ஒரு சிறு நிரல் எழுதினான். மாக்காரர்கள் கோப்புறைக்கு 16/6/99 என்று சாய்கோடு போட்டே பெயர் வைத்திருந்தார்கள். அந்த முறைமையில் அது செல்லும். லினக்ஸில் சாய்கோடு என்றால் ஒரு கோப்புறைக்குள் இன்னொன்று என்று பொருள். ஆகவே சாய்கோடுகளைச் சிறுகோடுகளாக மாற்ற வேண்டியிருந்தது.

அறிவித்தல் கிடந்தது அந்த 16/6/99 கோப்புறையில்தான். 1999 ஜூன் 16 புதன்கிழமை. ஆகவே பெரியவர் காலமானது ஜூன் 14, திங்கட்கிழமை.

அப்படியானால் ஜூலை 12 எங்கிருந்து வந்தது? அடுத்த காலாண்டு வட்டில் விடை இருந்தது. 13/7/99 கோப்புறையில் அதே பெரியவரின் 31ஆம் நாள் நினைவஞ்சலியும் நன்றி நவிலலும். அந்தக் கோப்பின் நாளும் ஜூலை 12. நேரம் சில நிமிட வித்தியாசம். விளம்பரப் பிரிவில் இருந்தவர் உறவினர் பெயர்களைப் பிரதி எடுப்பதற்காகப் பழைய அறிவித்தலைத் திறந்திருக்கிறார். மூடும்போது பழக்கதோஷத்தில் சேமித்திருக்கிறார். வாசகம் மாறவில்லை; நாள் மாறிவிட்டது. ஜூன் வட்டு ஜூலைக் கடைசியில் எழுதப்பட்டதால் மாறிய நாளே வட்டில் ஏறிற்று. ஜூன் 14இலிருந்து எண்ணினால் முப்பத்தோராம் நாள் ஜூலை 14. கணக்கு நேராகிவிட்டது.

அறிவித்தலின் படத்தையும், கோப்புறைப் பட்டியலையும், கணக்கையும் அந்தப் பெண்மணிக்கு அனுப்பிவைத்தேன். பஞ்சாங்கத்தைப் பார்த்தவர் வைகாசி மாதத்துப் பூர்வபக்கப் பிரதமை என்று சொன்னதாகப் பதில் எழுதினார். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை என்றால் அது அமாவாசை. ஒரு நாள் பிசகினாலும் திதி வேறு.

வீட்டில் இத்தகைய வட்டுகளை வைத்திருக்கும் முன்னாள் பத்திரிகையாளர்கள் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். கோயில் மலர், சங்க வெளியீடு, பாடசாலை நூற்றாண்டு மலர் என்று எத்தனையோ அவற்றில் அடங்கியிருக்கும். அவர்களுக்குச் சொல்வது: கோப்புகளைத் தனித்தனியே பொறுக்காமல் முதலில் முழு வட்டையும் படிமமாக்குங்கள். படிமத்தை எழுத முடியாத, வாசிக்க மட்டுமான கோப்பாக மாற்றிவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. 9660இல் கோப்புகளுக்கென்று சரிபார்ப்பு இலக்கம் கிடையாது. 7-சிப்பின் சோதனை சரி என்று சொன்னாலும் வாசிக்க முடிகிறது என்பதற்கு மேல் அதில் பொருளில்லை. ஆகவே படிமம் எடுத்த அன்றே எஸ்.எச்.ஏ. 256 கைரேகையைக் கணித்து ஒரு கடதாசியில் எழுதிவைப்பது நல்லது. பதினைந்து வருடம் கழித்துப் படிமம் மாறவில்லை என்று சொல்ல வேறு வழி இல்லை. நூலகம் நிறுவனத்தார் 2005ஆம் ஆண்டிலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி வருகிறார்கள். உரிமை உடையவர்கள் சம்மதித்தால் இத்தகைய வட்டுகளுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் பத்திரிகையின் உரிமையாளர்களுக்கு நான் எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.

இன்னும் இரண்டு படிமங்கள் மிகுதியாக இருக்கின்றன. இரண்டும் 2000ஆம் ஆண்டின் பக்க வட்டுகள். எக்ஸ் கட்டளை அவற்றையும் முறைப்பாடின்றித் திறந்தது. ஆனால் அந்த இளைஞர் விட்டுச்சென்ற வரைபடக் கோப்பைப் பார்த்தால் ஒன்றில் நான்கு நாள்களின் பக்கங்களுக்குள் வாசிக்க முடியாத பிரிவுகள் விழுகின்றன; மற்றதில் ஒரே ஒரு நாள். அந்த இடங்களில் படிமத்தில் பூச்சியங்களே இருக்கின்றன. எந்தெந்த நாள்கள் என்று கோப்புறைப் பட்டியலோடு ஒப்பிட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த கிழமை சுவடிகள் திணைக்களத்துக்குப் போய் அந்த ஐந்து நாள்களின் கடதாசிப் பத்திரிகையைக் கேட்டுப் பார்க்கவேண்டும்.